பழியெல்லாம் பெர்பர்களுக்கா?

நேயர்களுக்கு வணக்கம்.

இடைக்கால ஸ்பெயின் என்றாலே முஸ்லிம்களும் யூதர்களும் கிறித்தவர்களும் சேர்ந்து வாழ்ந்த பொற்காலம் என்றுதான் பேச்சு தொடங்கும். கோர்டோபாவின் நூலகம், கவிதை, தோட்டங்கள் எல்லாம் வரும். அப்புறம் வில்லன் வருவான்: ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த முரட்டு பெர்பர், அதாவது வட ஆப்பிரிக்கப் பூர்வகுடி. பண்பட்ட அரபியர் கட்டியதை அவன் இடித்துவிட்டானாம்.

711-இல் ஸ்பெயினுக்குள் நுழைந்த தாரிக் இப்னு ஸியாத் பெர்பர். அவருடைய படையிலும் பெரும்பாலோர் பெர்பர்களே. கோர்டோபாவில் உமய்யா என்ற அரபு வம்சத்தின் ஆட்சியை நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மானைப் பெற்றவளும் பெர்பர் பெண்தான். இதில் யாரை வந்தேறி என்பது?

கிரனாடாவுக்கு வருவோம். 11-ஆம் நூற்றாண்டில் அதை ஆண்ட ஸீரி வம்சத்தார் சன்ஹாஜா என்ற குலத்துப் பெர்பர்கள். அவர்களுடைய தலைமை அமைச்சர் சாமுவேல் இப்னு நக்ரில்லா, ஒரு யூதர். ஹீப்ரு மொழியில் அருமையான கவிஞர். படையோடு போர்க்களத்துக்கும் போனவர். 1056-இல் சாகும்வரை செல்வாக்கு குறையவே இல்லை. அந்தக் காலத்தில் வேறெங்கே ஒரு யூதருக்கு இப்படியொரு இடம் கிடைத்தது, சொல்லுங்கள்!

பத்து வருடம் கழித்து, 1066-இல், அவர் மகன் யூசுஃபையும் நகரத்து யூதர்கள் பலரையும் கும்பல் கொன்றது. அதில் பெர்பர்களும் இருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் யூதனுக்கு இவ்வளவு இடமா என்று சன்ஹாஜாக்களை உசுப்பிவிட்டுக் கவிதை எழுதிய எல்விராவின் அபூ இஸ்ஹாக், அரபியர்.

கோர்டோபா நூலகத்தின் தத்துவ நூல்களை எரிக்க வைத்த அல்-மன்சூரும், 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே அதிகாரம் செலுத்திய அமைச்சர், அரபு வம்சாவளிதான். பெர்பர் படைகளை ஏராளமாக வரவழைத்ததும் அவரே. அந்தப் படையினர் பின்னால் கோர்டோபாவுக்கு அருகிலிருந்த மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற அரண்மனை நகரத்தைச் சூறையாடியது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

சரி, 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினை ஆண்ட பெர்பர் வம்சமான முவஹ்ஹிதுகள்? அவர்கள் செய்தது கொடுமைதான். மதம் மாறு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார்கள். யூத தத்துவ அறிஞர் மைமோனிடிஸின் குடும்பம் கோர்டோபாவை விட்டுப் போனது அதனால்தான். ஆனால் காரணத்தை அவர்களுடைய இயக்கத்தைத் தொடங்கிய இப்னு தூமர்த்தின் கொள்கையில் தேடுங்கள், இனத்தில் தேடாதீர்கள். 1391-இல் செவில்லில் கிறித்தவர்கள் யூதர்களைக் கொன்றதற்கு ஒரு பாதிரியாரின் வெறிப் பிரசங்கங்களைக் காரணம் சொல்கிறோமே தவிர, காஸ்தீலியர் என்ற இனத்தையே குற்றம் சொல்வதில்லையே.

அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுத கோர்டோபாவின் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்தை ஊக்குவித்த அபூ யஃகூப் யூசுஃப், இந்த முவஹ்ஹிது கலீஃபாக்களில் ஒருவர். அவருடைய மகன்தான் 1195-இல் இப்னு ருஷ்தை லூசேனா என்ற ஊருக்கு நாடு கடத்தினார், பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார். 1198-இல் இப்னு ருஷ்து காலமானது மர்ராகேஷில், முவஹ்ஹிதுகளின் தலைநகரில்.