கம்பளிக்குள் ஓர் அறை

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். ஆவிக்குரிய வாழ்வை வளர்ப்பது கூடி ஜெபிப்பதா, தனித்து ஜெபிப்பதா என்பது தலைப்பு. தனித்து ஜெபிப்பதே என்பது என் கட்சி. "இரண்டு மூன்று பேர் கூடுமிடத்தில் இருப்பேன் என்றுதானே ஆண்டவர் சொன்னார்" என்றார் எதிரணித் தம்பி. சரி, சொன்னார். அதே மத்தேயுவில், ஆறாம் அதிகாரத்தில், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணு என்றும் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் தம்பி கேட்டார்: "பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஏழு பேர் படுக்கிற தேயிலைத் தோட்டத்து லயத்து ஜனத்துக்கு, வரிசை வீட்டு ஜனத்துக்கு, ஏது அறை, ஏது கதவு?" என்னை உலுக்கிய கேள்வி. நான் அந்தக் காம்பிராவில் பிறந்தவள்.

எங்கள் அம்மா விடிய நாலரைக்கு எழும்புவார். அடுப்பு மூட்டி, தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துவிட்டு, இஸ்தோப்பு என்கிற முன் திண்ணை மூலையில் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருவார். உதடு அசையாது. கேத்தல் கொதிக்கும் வரைக்கும்தான். அதுவரை யாரும் கூப்பிட மாட்டோம். என் சின்னத் தம்பி அழுதால் அக்கா தூக்கிக்கொள்வாள். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகுமுன் அம்மாவுக்கு இருந்த அறை அந்தக் கம்பளிதான். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், 19 பிள்ளை பெற்ற சூசன்னா வெஸ்லி, ஏப்ரனைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஜெபித்தார் என்று மெதடிஸ்த சபையார் சொல்லக் கேட்டபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

இலங்கை மலையகத்து அப்புத்தளையில் 1931இல் ஒரு துரை கட்டிய அடிசம் பங்களா இன்று பெனடிக்ட் துறவிகளின் மடம். அந்தச் சபைத் துறவிகள் போற்றிக் காத்த முறை லெக்ஸியோ டிவினா. ஒரு வசனத்தை மெதுவாக வாசிக்க வேண்டும். மனசுக்குள் அசைபோட வேண்டும். அதையே ஜெபமாக்கி, கடைசியில் பேச்சு ஓய்ந்து ஆண்டவர் முன் சும்மா இருக்க வேண்டும். அதற்குப் பங்களா எதற்கு? மனப்பாடமான ஒரு வசனம் போதும், கொழுந்து பறிக்கிற நிரையில் நின்றே அசைபோடலாம்.

தனிமை என்றால் மனிதரை விட்டு ஓடுவது என்றீர்கள். மாற்கு முதல் அதிகாரத்தைப் பாருங்கள். முந்தின மாலை கப்பர்நகூம் முழுவதும் வாசலில் கூடியிருந்தது. ஆண்டவர் இருட்டோடு எழுந்து, ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபித்தார். சீடன் சீமோன் தேடிப் பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றான். அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். நேற்றைய கூட்டத்துக்குள்ளேயே நின்றிருந்தால் அந்தத் தீர்மானம் வந்திருக்குமா, தம்பி?

எங்கள் அம்மாவும் கேத்தல் கொதித்ததும் எழும்புவார். முதல் கோப்பை எங்களுக்கு வராது. பக்கத்துக் காம்பிராவில் படுத்த படுக்கையாய்க் கிடந்த பாட்டிக்குப் போகும்.