பூவை மூடிவைத்துக் காட்டுங்கள்

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

பூவின் பாகங்கள் என்றதும் நம் கை செம்பருத்திக்குத்தான் போகிறது. பெரிய பூ, பிரித்துக் காட்ட எளிது, சரிதான். ஆனால் "சூல்பைதான் காயாகிறது" என்றதும் ஒரு பிள்ளை எழுந்து, "செம்பருத்திக்காய் எங்கே?" என்று கேட்டால்? தோட்டத்துச் சிவப்புச் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. பெயர் சொல்லிக்கொடுக்க அது போதும். வேலையைக் காட்டப் பரங்கி வேண்டும். கொங்குப் பக்கம் அரசாணி என்பார்கள்.

பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மெலிந்து நீண்ட காம்பில் வெறும் பூ நின்றால் ஆண். இதழுக்குக் கீழே கோலிக்குண்டு போலப் பிஞ்சு இருந்தால் பெண். அந்தப் பிஞ்சுதான் சூல்பை.

மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனி மாலையிலேயே மஞ்சளாகிவிடும். அந்த நேரத்தில், தேனீக்கள் நுழையாதபடி, ஆண், பெண் இரண்டையும் மெல்லிய துணிப்பையால் மூடி, காம்பில் நூல் கட்டுங்கள். மறுநாள் காலை 8 மணிக்குள் ஒரு பெண்பூவைத் திறந்து, ஆண்பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் நன்றாகத் தடவி, மீண்டும் மூடுங்கள். இன்னொரு பெண்பூவைத் திறக்கவே வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பைகளை எடுத்துவிடலாம். ஒரு வாரத்துக்குள் தடவாத பிஞ்சு மஞ்சளாகி உதிரும், தடவியது பருக்கும். தடவிய பிஞ்சும் சில சமயம் விழும், கொடியில் காய் அதிகமானால். அதனால் வகைக்கு மூன்று பூவாவது வையுங்கள். ஒரே நாளில் அத்தனை பெண்பூ கிடைக்காது. கிடைக்கிற நாளில் செய்து, நூலில் தேதிச் சீட்டு கட்டுங்கள்.

பாலித்தீன் பை போடாதீர்கள். உள்ளே வெக்கையும் ஈரமும் சேர்ந்து இரண்டு பூவுமே அழுகும். வெண்டைப்பூவிலும் இதைச் செய்யாதீர்கள். மகரந்தமும் சூல்முடியும் ஒரே பூவில் இருப்பதால் பைக்குள்ளேயே காய்த்துவிடும், பாடம் தலைகீழாகும்.

இலை நீரை மேலே இழுப்பதைக் காட்டவும் இதே போல இரண்டை ஒப்பிடும் வழிதான். இரண்டு காசித்தும்பைத் தண்டுகளைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டுங்கள். வெளியே வெட்டினால் குழாய்களில் காற்று புகுந்து அடைக்கும். ஒன்றில் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டையும் சிவப்பு மை கலந்த நீரில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இலையுள்ள தண்டில் சிவப்பு முந்தி ஏறும்.

பரங்கிக்கே திரும்புகிறேன். மகரந்தம் சரியாகப் படியாத பிஞ்சு சில வேளை ஒரு பக்கம் சூம்பிக் கோணலாக வளரும். அதை எறிந்துவிடாதீர்கள். குறுக்கே அறுத்து, சூம்பிய பக்கத்தில் எத்தனை விதை முற்றியிருக்கிறது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.