ஒரு கைப்பிடி மாவு

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஆராதனை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'பழைய ஏற்பாட்டுப் பலிகள் சிலுவையைப் பற்றிப் பெரிதும் சொல்வது தண்டனையையா, ஒப்புரவையா?' இதுதான் தலைப்பு. நான் ஒப்புரவின் பக்கம், அதாவது பிரிந்த உறவு மறுபடி சேர்வதன் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் எபிரெயர் 9:22ஐ வாசித்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இரத்தம் சிந்தாமல் மன்னிப்பா? அப்படியென்றால் மாவைக் கொடுத்து மன்னிப்பு வாங்கிக்கொள்வீர்களா?" நல்ல கைதட்டல். நடுவரே சிரித்துவிட்டார்.

வாங்கலாம் சகோதரரே! லேவியராகமம் 5:11ஐத் திருப்புங்கள். பாவம் செய்தவன் ஆட்டுக்குட்டி கொண்டுவரட்டும். முடியாதா? இரண்டு புறா. அதற்கும் வழியில்லையா? ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு. நம் அளவில் ஏறத்தாழ 2 லிட்டர். அதன்மேல் எண்ணெய் இல்லை, தூபவர்க்கம் இல்லை, ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. ஆசாரியன் அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பலிபீடத்தில் தகனிப்பான். அதற்குப் பெயர் வழக்கமான தானியக் காணிக்கையாகிய போஜனபலி அல்ல, பாவத்துக்காகச் செலுத்தும் பாவநிவாரணபலி! 13ஆம் வசனம் அவனுக்கும் மன்னிப்பு உண்டு என்கிறது. சகோதரர் வாசித்த வசனத்திலேயே, 'கொஞ்சங்குறைய எல்லாம்' இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும் என்று, 'கொஞ்சங்குறைய' என ஒரு சொல் இருக்கிறது. அதை வேகமாகத் தாண்டிவிட்டார். எழுதியவர் அந்த ஏழையின் மாவை நினைத்துத்தான் அந்தச் சொல்லைப் போட்டார் என்று நான் நம்புகிறேன்.

சிலுவையில் சிந்திய இரத்தத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது எதற்கு என்பதுதான் கேள்வி. மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்கிறது லேவியராகமம் 17:11. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியன் திரைக்குள் கொண்டுபோய், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தில் தெளித்தது பலியான வெள்ளாட்டின் இரத்தத்தை, அதாவது ஓர் உயிரை. அதே நாளில் இன்னொரு வெள்ளாடும் உண்டு, போக்காடு. ஜனத்தின் பாவம் முழுவதையும் அறிக்கையிட்டு அதன் தலையில்தான் சுமத்துகிறார்கள். சுமத்திவிட்டு வெட்டினார்களா? உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பினார்கள். பிற்காலத்தில் மலையிலிருந்து தள்ளினார்கள் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது, லேவியராகமத்தில் அது இல்லை. பவுலும் ரோமர் 3:25ல் கிறிஸ்துவுக்குச் சொல்வது, கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் கிருபாசனத்துக்கு வரும் அதே சொல். தேவன் மனிதனைச் சந்திக்கும் இடம் அது.

என் பாட்டிக்கு கிரேக்கம் தெரியாது. பிடி அரிசி தெரியும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து அலுமினிய டப்பாவில் போட்டு, ஞாயிறன்று காணிக்கையாகக் கொண்டுபோவாள். பக்கத்து வீட்டுச் சித்தியின் கோழி எங்கள் வைக்கோல் போரில் முட்டையிட்டது. பாட்டி எடுத்து எங்களுக்கு அவித்துக் கொடுத்துவிட்டாள். சித்தி வந்து கேட்டபோது, "நான் பார்க்கலையே" என்றாள். மொத்தம் 5 முட்டை. பேச்சுவார்த்தை நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைச் சேலை, கையில் டப்பா, இரண்டாம் மணி அடித்தாயிற்று. படியிறங்கிய பாட்டி சித்தி வீட்டு வாசலைப் பார்த்தாள். நின்றாள். டப்பாவைப் படியிலேயே வைத்தாள். உள்ளே போய் முட்டைகளை மடியில் எடுத்துவந்து, திண்ணையில் உட்கார்ந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து... ஆறு! "பாட்டி, அஞ்சுதானே?" என்றேன். "அஞ்சில ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கணும்டா" என்றாள். லேவியராகமம் 6! அபகரித்ததைத் திருப்பிக் கொடு, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு, அப்புறம் ஆட்டுக்கடாவைக் கொண்டு வா. ஆண்டவரும் மலைப்பிரசங்கத்தில் அதைத்தானே சொன்னார்? 'முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து.'

சித்தி முதலில் வாங்கவில்லை. மடியை விரித்தபடியே பாட்டி நின்றாள். "நான்தான் எடுத்தேன், பொய் சொல்லிட்டேன்" என்றாள். சித்தி ஒரு முட்டையை எடுத்தாள், இரண்டாவதை எடுக்கும்போது இருவரும் அழுதுவிட்டார்கள். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பிரசங்கம் முடிந்திருந்தது. அவர்கள் ஒப்புரவாகும்வரை அந்த டப்பா படியில்தான் காத்திருந்தது.

நடுவர் அவர்களே, ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாமல் புறாக்களோடு எருசலேம் ஆலயத்துக்கு வந்த ஒரு தாயை லூக்கா 2:24 காட்டுகிறது. அவள் கையில் இருந்த குழந்தையைத்தான் பிற்பாடு தேவ ஆட்டுக்குட்டி என்றான் யோவான்ஸ்நானன். அந்தக் குழந்தை தண்டனை வாங்க மட்டும் வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாட்டி படுக்கையில் கிடந்த கடைசி மாதம் கஞ்சி ஊட்டியது சித்திதான். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு எங்கள் அடுப்பங்கரைக்கு வந்து, பாட்டியின் டப்பாவைக் கேட்டு வாங்கி, தன் டப்பாவோடு சேர்த்துக் கோயிலுக்கு எடுத்துப்போனதும் அதே சித்திதான். நன்றி, ஸ்தோத்திரம்.