காது சும்மா இருக்கிற வேலை

தருமபுரி 102.5 பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவர் எப்படி வானொலியின் நிரந்தர நேயராக ஆகிறார் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவள். எனக்குத் தெரிந்தவரை யாரும் யோசித்து முடிவெடுத்து நேயர் ஆவதில்லை. வீட்டில் யாரோ திருகி வைத்த பெட்டி நம் காதில் விழுந்து விழுந்து ஊறிவிடுகிறது.

எங்கள் வீட்டில் திருகியவர் அப்பா. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று அந்தக் கணீர்க் குரல் கேட்டதும் அம்மா எனக்குத் தலை வார ஆரம்பிப்பார். செய்தி முடியும்போது இரட்டைப் பின்னலும் முடிந்திருக்கும், பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம்தான். நாட்டு நடப்பு எதுவும் எனக்குப் புரியாது. ஆனால் பேட்டரி தீர்ந்து பெட்டி ஊமையான நாளில் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

அப்போது நம் ஊருக்கென்று நிலையம் இல்லை. மத்திய அலையில் திருச்சியையும் சென்னையையும் தேடிப் பிடிக்க வேண்டும். பகலில் கரகரக்கிற நிலையம், இருட்டினால் பக்கத்து வீட்டுப் பேச்சுபோல வரும். பகலில் வான்மண்டலத்தின் கீழடுக்கு அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரி அந்த அடுக்கு மங்கிவிடுவதால் அலை இன்னும் மேலே போய்த் திரும்பி, தொலைதூரத்தில் இறங்கும். முள் நிற்க வேண்டிய இடத்தில் அப்பா குங்குமத்தால் ஒரு கோடு போட்டிருந்தார். பெட்டியைத் துடைக்கிறபோது அம்மா அந்தக் கோட்டை மட்டும் தொடமாட்டார்.

கல்யாணமாகி வந்த இடத்தில் புழு மனை, அதாவது பட்டுப்புழு வளர்க்கிற கொட்டகை. நான்காவது முறை தோல் உரித்த பிறகு புழு தின்கிற தீனி இருக்கிறதே, ஏழெட்டு நாளைக்கு வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. கை புழுவுக்குப் போடுகிற மல்பெரித் தழையில் இருக்கும், கண் புழுவில் இருக்கும். டிவி பார்க்க வழியில்லை. செல்போனைத் தொட்டால் திரும்பக் கை கழுவ வேண்டும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். மாமியார் ஆணியில் மாட்டி வைத்திருந்த ரேடியோ அங்கேதான் எனக்குத் துணையானது.

ஒருநாள் அதில் மல்பெரி மாவுப்பூச்சியைப் பற்றி ஒருவர் பேசினார். நுனி சுருண்டு தடித்த குருத்துகளைக் கிள்ளி எடுத்து எரித்துவிடச் சொன்னார். எங்கள் தோட்டத்தில் அதே சுருட்டல்தான். மறுநாள் காலையிலேயே கூடையோடு போய்க் கிள்ளினோம். அன்றிலிருந்து மாமியார் பண்ணை நிகழ்ச்சி நேரத்தில் யாரையும் பேச விடுவதில்லை.

அப்புறம் நான் ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து என் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரையும் வாசித்தார்கள். தழை கையிலேயே நின்றுவிட்டது. சாயந்திரம் தண்ணீர்க் குழாயடியில் மூன்று பேர், "உன் கடுதாசி வந்ததாமே" என்று கேட்டார்கள். அவர்களும் கேட்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நேயம் உள்ளவர் நேயர். அந்தச் சொல்லை யார் வைத்தார்களோ, நன்றாக வைத்திருக்கிறார்கள்.

இந்த உரை ஒலிபரப்பாகும்போது நான் மனையில் தழை போட்டுக்கொண்டிருப்பேன். மாமியாரிடம் இதில் பேசப்போவது நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை. அத்தை, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.