காதில் கேட்கும் குரலுக்குப் பதில்

நேயர்களுக்கு வணக்கம். பேருந்தில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தால் சற்றுத் தள்ளி உட்காருகிறோம். இப்போது காதில் கருவி மாட்டியவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், அது வேறு விஷயம். மனச்சிதைவு நோய் உள்ளவர் அப்படிப் பேசினால், பெரும்பாலும் அவர் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நீ எதற்கும் லாயக்கில்லை" என்று ஒரு குரல் அவரைத் திட்டுகிறது. இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஆறேழு பேருக்குக் குரல் கேட்கும். மருந்தில் பலருக்கு அடங்கிவிடும். நாலில் ஒருவருக்கு அடங்காது.

அவர்களுக்காக லண்டன் மனநல மருத்துவர் ஜூலியன் லெஃப் 2008இல் தொடங்கியதுதான் அவதார் சிகிச்சை. குரல் ஆணா பெண்ணா, கட்டையா கீச்சா, என்ன வார்த்தை சொல்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்வார்கள். கணினியில் அதற்கு ஒரு முகம் செய்வார்கள். நோயாளி "இதேதான்" என்று சொல்லும்வரை மூக்கும் தாடையும் மாறிக்கொண்டே இருக்கும். சிகிச்சையாளர் வேறு அறையில் மைக்கோடு இருப்பார். கணினி மாற்றிய குரலில் அந்த உருவமாகத் திட்டுவார். உடனே சொந்தக் குரலுக்கு மாறி, "நிமிர்ந்து பாருங்கள், பதில் சொல்லுங்கள்" என்பார். வாரம் ஒரு முறை 50 நிமிடம், மொத்தம் 6 அமர்வு. உருவத்தோடு நேருக்கு நேர் பேசுவது அதில் 10, 15 நிமிடம்தான்.

ஆமாம், வீட்டில் கேட்கும் அதே வசவைத்தான் அங்கேயும் கேட்க வேண்டும். பதிலுக்குக் கத்தினால் பழைய சண்டைதான் நீளும். "நீ சொல்வதை இனி நான் கேட்பதாக இல்லை" என்று நிதானமாகச் சொல்லப் பழக்குவார்கள். அவர் உறுதிப்பட உறுதிப்பட, உருவம் இறங்கிவரும்.

சிக்கலான இடம் இதற்கு அடுத்துத்தான் வருகிறது. அவர் மனத்தில் பாதி அந்தக் குரலோடு மல்லுக்கு நிற்கிறது; மறுபாதி, "அது சொல்வது சரிதானே" என்கிறது. அந்த மறுபாதியைத் தொடாமல் விட்டால், எதிர்த்துப் பேசியதெல்லாம் வாய்ப்பாடமாகப் போய்விடும். அதனால் பின்பாதி அமர்வுகளில் அவருடைய நல்ல குணங்களைப் பேச்சுக்குள் கொண்டுவருவார்கள். உருவமே அவற்றை ஒப்புக்கொள்ளும். பேச்சைப் பதிவுசெய்து கையில் கொடுத்தனுப்புவார்கள், குரல் வரும்போது வீட்டில் போட்டுக் கேட்க.

2018இல் வெளியான ஆய்வில் 150 பேர். எல்லாரும் வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். 12ஆம் வாரத்தில், ஆதரவாகப் பேசும் ஆலோசனை பெற்றவர்களைவிட அவதார் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குரலின் தொல்லை நன்றாகக் குறைந்திருந்தது. 24ஆம் வாரத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவதார் சிகிச்சையில் பெற்ற பலன் போய்விடவில்லை. ஆலோசனை பெற்றவர்களும் தேறி வந்துவிட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடிகாரம் துரத்துகிறது. குடும்பத்தாருக்கென்று வைத்திருந்ததைச் சுருக்கிவிடுகிறேன். இதே லெஃப் 1976இல் கிறிஸ்டின் வான் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், குறைசொல்லிக்கொண்டே இருக்கும் உறவினரோடு வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. "குரலே இல்லை" என்று வாதாட வேண்டாம், "என்ன சொல்கிறது, பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். பகலில் சில மணி நேரம் வேலைக்கோ பகல்நேர மையத்துக்கோ அவர் போய்வரட்டும். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். வணக்கம்.