46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம்: மலை ரயிலில் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர்

வணக்கம் நண்பர்களே. பின்னால் கேட்கிற சத்தத்தைக் குறைக்க வழியில்லை, நீராவி எஞ்சின். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பிய ஊட்டி மலை ரயில் இப்போது ஹில்குரோவில் நிற்கிறது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள். அந்த இடைவெளியில் இறங்கிப் பேசுகிறேன். கையில் வடை இருந்தது, குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சரி, விடுங்கள்.

வழக்கமாக இந்தச் சேனலில் சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்களை நடத்துவது பற்றி, ஜிரா (வேலைகளைப் பட்டியலிடும் டூல்), ஸ்பிரிண்ட் (ஓரிரு வாரத்துக்கான வேலைச் சுற்று), எஸ்டிமேட் என்று லேப்டாப் திரையைக் காட்டித்தான் பேசுவேன். இன்று எஸ்டிமேட்டை, அதாவது ஒரு வேலை முடிய எவ்வளவு நாள் ஆகும் என்ற கணிப்பை, மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்கு இந்த ரயிலைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். போய்ச் சேர நண்பகல் ஆகும். ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! பஸ் இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது. என் பெட்டியில் ஒரு பெரியவர் டிடிஇ-யிடம், "என்ன சார், இவ்வளவு லேட் பண்றீங்க?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "லேட் இல்லீங்க ஐயா, ரைட் டைம்தான்" என்றார். உண்மைதான். வண்டி மெதுவாகப் போகிறது, ஆனால் தாமதமாகப் போகவில்லை. ஆபீசில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பாத மீட்டிங்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். ஆனால் பாதை முழுக்க ஒரே சீராக ஏறுவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை கிட்டத்தட்டச் சமவெளி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே வண்டி ஜாலியாக ஓடும். கல்லாறு தாண்டியதும்தான் மலை தன் வேலையைக் காட்டும். அங்கிருந்து குன்னூர் வரை, மிகச் செங்குத்தான இடங்களில் 12.5 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். சமவெளியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி இங்கே 13-க்கு இறங்கிவிடும். குன்னூருக்கு மேல் மறுபடி கொஞ்சம் வேகம் பிடிக்கும். டைம்டேபிள் போட்டவர்கள் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பார்த்து, அதனதன் ஏற்றத்துக்கு ஏற்ப நேரம் எழுதியிருக்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? முதல் வாரத்தில் லாகின் பக்கம், ப்ரொஃபைல் பக்கம் எல்லாம் மளமளவென்று முடிகிறது. "சூப்பர், இதே ஸ்பீடில் போனால் பிப்ரவரியில் லைவ்" என்று க்ளையண்டுக்கு மெயில் போய்விடுகிறது. அதுவரை வந்தது கல்லாறு வரைதான் என்று யாரும் பார்ப்பதில்லை. பழைய டேட்டாபேஸிலிருந்து பத்து வருட டேட்டாவை எடுத்துப் புதியதில் போடுவது, பேங்க்கின் பேமெண்ட் கேட்வேயோடு (ஆன்லைனில் பணம் வாங்கும் அமைப்பு) இணைப்பது, இவைதான் இந்த ரயில் கல்லாறு தாண்டிச் செய்வதுபோல் பல்சக்கரம் போட்டு ஏற வேண்டிய இடம். பிப்ரவரி போய் ஜூன் வந்ததும் டீமைத்தான் திட்டுவார்கள். டீம் ஒழுங்காகத்தான் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தத் தண்ணீரைப் பாருங்கள், கேமராவை அந்தப் பக்கம் திருப்புகிறேன். குழாயை இழுத்து எஞ்சினில் விடுகிறார்கள் அல்லவா? இதற்காக வண்டி வழியில் சில இடங்களில் நிற்கும். அந்த நேரமும் டைம்டேபிளுக்குள் இருக்கிறது. நம் ப்ளான்களில் கோடிங் இருக்கும், டெஸ்டிங் இருக்கும். க்ளையண்ட் டிசைனைப் பார்த்து ஓகே சொல்ல எடுக்கும் பத்து நாள் மட்டும் எங்கேயும் இருக்காது.

இந்த ரயிலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிரேக்ஸ்மேன்கள். எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது, இறங்கும்போது முன்னால் இருந்து தாங்குகிறது. ஆக, மேலே போகும்போது எஞ்சின் டிரைவருக்கு எதிரே பாதை தெரியாது, பெட்டிகளின் முதுகுதான் தெரியும். பாதையைப் பார்ப்பவர் முதல் பெட்டியின் முகப்பில் நிற்கிற பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் உண்டு. பச்சை, சிவப்புக் கொடிகள் கையில், பக்கத்தில் பிரேக் சக்கரம். டிரைவர் விசில் கொடுத்தால் அதற்கேற்ப ஒவ்வொருவரும் தன் பெட்டியில் பிரேக்கைச் சுற்றுகிறார்கள். நான் ஏறிய பெட்டியில் இருந்தவர், யாராவது செல்ஃபிக்காகக் குறுக்கே தலையை நீட்டினால் "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு உடனே மறுபடி வளைவைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பேச்சுக்கூடப் பாதையைப் பார்த்தபடிதான்.

முன்பெட்டியில் சிவப்புக் கொடி காட்டினால் அது சிவப்பாகவேதான் டிரைவரிடம் வந்து சேருகிறது. நடுவில் யாரும் "ரொம்பச் சிவப்பாகத் தெரிகிறதே, கொஞ்சம் மஞ்சளாக்கி அனுப்பலாம்" என்று நினைப்பதில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வாராவாரம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் உண்டு. வேலை சரியாகப் போனால் பச்சை, சிக்கலில் இருந்தால் சிவப்பு. டெஸ்டிங்கில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி சிவப்பு என்று எழுதுவாள். டீம் லீட் அதை ஆம்பர், அதாவது மஞ்சள், ஆக்குவார். மேனேஜர் "மேனேஜ் பண்ணிக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்துப் பச்சையாக்குவார். வைஸ் பிரசிடெண்ட் பார்க்கும்போது எல்லாமே பச்சைப் பசேல். பாறையைக் கண்ணால் பார்த்தவள் சொன்னது பிரேக் இருக்கிற இடத்துக்குப் போகவே இல்லை. இதற்குப் புது டூல் எதுவும் வேண்டாம். முதல் ஆள் போட்ட நிறத்தை நடுவில் இருப்பவர் மாற்றக்கூடாது, குறிப்பு வேண்டுமானால் சேர்க்கலாம் என்று ஒரே ஒரு விதி வைத்துப் பாருங்கள். இப்போதைய டீமில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஆரம்பத்தில் மேலே இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் திடீரென்று கெட்டுப்போன மாதிரி தெரிந்ததாம்!

தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் தெரிகிறதா? ஒன்றில்லை, இரண்டு. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி தள்ளித்தள்ளி வைத்திருக்கிறார்கள். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். டேட்டாபேஸ் தெரிந்த இரண்டு பேருக்கும் பொங்கலுக்கு ஒரே வாரம் லீவு கொடுத்தவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

"ஆள் சேர்த்தால் சீக்கிரம் முடியாதா?" என்று போன வீடியோவில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். குன்னூரில் என் சித்தி இருக்கிறார். கோயம்புத்தூரில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கிற இட்லி மாவு, அவர் வீட்டில் மார்கழியில் அடுப்படியில் போர்த்தி வைத்தாலும் அசையாது. அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. குளிர்தான் வேறு. சித்தப்பாவும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தாலும் மாவு புளிக்கிற நேரத்தில்தான் புளிக்கும். அரைப்பதற்கு ஆள் சேர்க்கலாம், புளிப்பதற்கு முடியாது. உங்கள் ப்ளானில் எது அரைப்பது, எது புளிப்பது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி ஆடிட், ஆப் ஸ்டோர் அனுமதி எல்லாம் புளிக்கிற வகை. அப்புறம், பழைய ப்ராஜெக்டில் எத்தனை நாள் ஆனது என்று அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அது கோயம்புத்தூர் கணக்காக இருக்கலாம்.

இந்தப் பாதையின் கதையும் சுவாரசியமானது. மலைக்கு ரயில் விடலாம் என்ற யோசனை 1854-லேயே வந்துவிட்டது. வேலை தொடங்கியது 1891-இல். 1899-இல் குன்னூர் வரை ரயில் ஓடியது, ஊட்டியைத் தொட 1908 ஆயிற்று. ஊட்டி வரை முடியட்டும், பிறகு மொத்தமாகத் திறக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. குன்னூர் வரை வந்த உடனே அதுவே பயன்படுகிற ரயில் ஆகிவிட்டது. முதல் கட்டத்திலேயே கடினமான ஏற்றமும் முடிந்துவிட்டது. கீழிருந்து மேலே போகும்போது அது முதலில்தானே வரும், இதில் என்ன சாமர்த்தியம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நமக்கு வரிசையை மாற்றும் சுதந்திரம் இருந்தும் சுலபமானதை எல்லாம் முன்னால் போட்டுக்கொள்கிறோம்.

மழை பற்றி ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் இங்கே மண் சரிந்து, பாறை விழுந்து ரயில் ரத்தாவது அடிக்கடி நடப்பது. அதைக் கெட்ட நேரம் என்று சொல்ல முடியாது, அக்டோபர் வருகிறது என்று காலண்டரே சொல்கிறது. தீபாவளிக்கு டீமில் பாதிப் பேர் ஊருக்குப் போவதும் அதே ரகம். அதை ரிஸ்க் பட்டியலில் எழுதுவதைவிட, தேதிகளிலேயே கழித்துவிடுவதுதான் சரி.

விசில் கொடுக்கிறார்கள், ஏற வேண்டும். டிக்கெட் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஐஆர்சிடிசியில் எம்டிபி-யிலிருந்து (மேட்டுப்பாளையம்) யுஏஎம் (ஊட்டி) என்று ஸ்டேஷன் கோடுகளைப் போட்டுத் தேடுங்கள். சீசனில் சீக்கிரமே தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருவதானால் கிளம்பும் முன் வண்டி ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். வடையைக் கையில் பிடித்துக்கொண்டு மட்டும் பேசாதீர்கள்.