ஒரு நாளுக்குப் பத்தொன்பதரை லட்சம்! தலைவர்களோடு விமானத்தில் ஏறுவது யார்?

வணக்கம் உறவுகளே. முதலில் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்.

[திரையில்: 3,572 மில்லியன் ரூபாய், 1.8 மில்லியன் ரூபாய்]

இரண்டுமே நம் இலங்கை ஜனாதிபதிகளின் வெளிநாட்டுப் பயணச் செலவு. 2025 பெப்ரவரியில் பிரதமர் ஹரிணி அமரசூரிய பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கு. பெரியது மஹிந்த ராஜபக்ஷ 2010 முதல் 2014 வரை செய்த செலவு. சின்னது அநுர குமார திசாநாயக்கவின் முதல் ஐந்து மாதச் செலவு. இடையில் மைத்திரிபால 384, கோட்டாபய 126, ரணில் 533 மில்லியன்.

அந்தப் பெரிய எண்ணை ஐந்து வருடத்து நாட்களால் வகுத்துப் பார்த்தேன். நாளுக்குப் பத்தொன்பதரை லட்சம் ரூபாய்! வெளிநாடு போகாமல் கொழும்பிலேயே இருந்த நாட்களையும் சேர்த்துத்தான். அநுரவின் ஐந்து மாதச் செலவு, அந்தக் காலத்தின் ஒரு நாளுக்குள் அடங்கிவிடுகிறது. நம்ப முடியாமல் இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன், உண்மைதான்.

சரி, நியாயமாகவும் பேசுவோம். அரசுமுறைப் பயணத்தில் தங்குமிடம், வாகனம் எல்லாவற்றையும் அழைத்த நாடே பார்த்துக்கொள்வது வழக்கம். ஐந்து மாதத்தை வைத்து ஒரு ஆட்சிக்கே மார்க் போடவும் முடியாது.

இனி, தலைவர்கள் ஃபர்ஸ்ட் கிளாஸில் பறக்கிறார்கள் என்ற பேச்சுக்கு வருவோம். நம் ஸ்ரீலங்கன் விமானங்களில் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற ஒன்றே இல்லை. பிஸ்னஸ், எக்கனமி இரண்டுதான். ஆனாலும் பில் ஏறுகிறது. ஏன்? தலைவர் ஒருவர், கூடப் போகிறவர்கள் ஒரு பட்டாளம்.

இதற்கு 2007 டிசம்பரில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். லண்டனிலிருந்து கொழும்பு வரும் ஸ்ரீலங்கன் விமானம் நிறைந்துவிட்டது. அப்போதைய ஜனாதிபதி மஹிந்தவின் குழுவில் 35 பேருக்கு இடம் வேண்டும் என்றார்கள். அதற்குக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்த பயணிகளை இறக்கவேண்டும். நிறுவனம் மாட்டோம் என்றது. கொஞ்ச நாளில் அதன் தலைமை நிர்வாகி பீட்டர் ஹில்லின் வேலை விசா ரத்தானது. 1998 முதல் நிர்வாகத்தைப் பார்த்துவந்த எமிரேட்ஸ், 2008 மார்ச்சோடு விலகியது. 2010இல் அவர்களுடைய பங்கையும் அரசே வாங்கிக்கொண்டது. பிறகு குவிந்த நட்டம் நம் தலையில்தான் விழுந்தது. அதற்கு இந்தச் சண்டை ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று அந்தப் பயணிகளுக்காக மாட்டோம் என்று சொன்னவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பக்கத்து நாடுகள்? இந்தியா 2014இல் அதிகாரிகளுக்கும், பாகிஸ்தான் 2018இல் ஜனாதிபதி, பிரதமர் வரைக்கும் ஃபர்ஸ்ட் கிளாஸை நிறுத்தின. ரணிலின் லண்டன் பயணம் பற்றிக் கேட்பீர்கள். அந்தத் தனிப்பட்ட பயணத்துக்கு அரசுப் பணத்தைச் செலவழித்தார் என்ற குற்றச்சாட்டில் 2025 ஓகஸ்டில் கைதாகிப் பிணையில் வந்தார், குற்றச்சாட்டை மறுத்தார். தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும்.

இந்த டிக்கெட்டுகளுக்கு டொலர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? குவைத்துக்குப் போகும் சித்தியை வழியனுப்பக் கொழும்பு கோட்டையில் 187 பஸ் ஏறி கட்டுநாயக்க விமான நிலையம் போனேன். பெட்டி ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. சித்தி வரிசையை விட்டு விலகி, நிலத்தில் குந்தியிருந்து பெட்டியைத் திறந்து, அம்மா வறுத்து இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் பையை எடுத்து என் கையில் தந்தார். "நீயே கொண்டு போ ராசா" என்றார். அவரைப் போன்றவர்கள் 2024இல் அனுப்பிய பணம் 6.5 பில்லியன் டொலருக்கும் மேல். அந்த மிளகாய்த்தூள் வாசம் பஸ்ஸில் திரும்பி வரும்வரை கையிலேயே இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று விஷயம் வெளியே வரவேண்டும்: எந்த வகுப்பு, எத்தனை பேர், யார் காசு. கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்த அமைச்சின் தகவல் அதிகாரிக்கும் தமிழிலேயே எழுதலாம். எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும்.

நான் இந்த வாரம் ஒன்று எழுதி அனுப்புகிறேன். எந்த அமைச்சைக் கேட்கலாம் என்று கமெண்டில் சொல்லுங்கள். அதிகம் பேர் சொல்லும் அமைச்சுக்கே போகும். பதில் கடிதத்தை அடுத்த வீடியோவில் அப்படியே காட்டுகிறேன்.